சக்கரம் தரையைத் தொட்ட பின்பு

விமான விபத்து என்றாலே ஆகாயத்தில் நேரிடுவதைத்தான் நாம் எண்ணி அஞ்சுகிறோம். ஜைரோபிளேன் என்னும் சிறு விமானத்தை ஓட்டக் கற்கிறவர்களுக்கோ, அநேக வேளைகளில் தரைக்கு வந்து சேர்ந்த பிறகே ஆபத்து எதிர்ப்படுகிறது. பிரிட்டனின் விமான விபத்து ஆய்வுக் கிளை வெளியிடும் அறிக்கைகளில் ஏறக்குறைய ஒரே விதமான சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர் தனியே பறந்து, ஓடுபாதையில் இறங்கி, முடிந்துவிட்டது என்று கையைத் தளர்த்துகிறார். சில விநாடிகளுக்குள் விமானம் பக்கவாட்டில் புரண்டு கிடக்கிறது.

பார்வைக்கு இவ்வியந்திரம் ஹெலிகாப்டரின் தம்பியைப் போலிருக்கும். ஆனால் தலைக்கு மேலுள்ள பெரிய விசிறியை வானில் என்ஜின் சுழற்றுவதில்லை. என்ஜின் ஒரு சிறிய விசிறியைச் சுழற்றி விமானத்தை முன்னோக்கிச் செலுத்துகிறது. அப்போது கீழிருந்து மேலாகப் பாயும் காற்றே பெரிய விசிறியைச் சுழல வைக்கிறது. ஆகையால் என்ஜின் நின்றுபோனாலும் மேல்விசிறி நிற்காது. விமானம் கல்லைப் போல் விழாமல் இறங்கிவரும். ஸ்பெயின் தேசத்து ஜுவான் டி லா சியர்வா, தாம் வடிவமைத்த விமானமொன்று 1919-ல் வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியதைக் கண்ட பின்பே இதைத் தேடினார். அவருடைய முந்தைய முயற்சிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தோற்றன. விசிறியின் இறக்கைகளைக் கீல் வைத்துப் பொருத்திய பிறகு, 1923 ஜனவரியில் வெற்றி கிட்டியது.

வானில் இவ்வளவு சாதுவான இவ்வியந்திரம் தரையில் சாது அல்ல. பாரமான விசிறி உயரத்தில் இருக்கிறது. கீழே மூன்று சிறு சக்கரங்கள் மட்டுமே. இறங்குகையில் பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையைத் தொடவேண்டும். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தபடியே இருந்தால், விசிறி பின்னால் சாய்ந்து காற்றைத் தடுத்து, தானே பிரேக்காகிறது. வேகம் அற்றுப்போன பின்பே முன்சக்கரம் மெதுவாகத் தாழவேண்டும்.

சிக்கல் கால்களில் இருக்கிறது. என்ஜினின் விசை கூடும்போதும் குறையும்போதும் விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதை நேராக்க மாணவர் கால் மிதியை அழுத்தியிருப்பார். பல ஜைரோபிளேன்களில் அதே மிதிதான் முன்சக்கரத்தையும் திருப்புகிறது. ஓட்டம் அடங்குமுன் கைப்பிடியைத் தளர்த்தினால், கோணலாகத் திரும்பியிருக்கும் முன்சக்கரம் வேகத்தோடு தரையில் பதியும். விமானம் சட்டென்று வளையும். உயரத்திலுள்ள பாரம் அதைக் கவிழ்க்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ முந்நூறு சுற்றுகள் சுழலும் இறக்கைகள் ஓடுபாதையில் அடித்துச் சிதறும். பெல்ட்டை இறுகக் கட்டியிருந்ததால் சிறு காயங்களோடு தப்பியவர்கள் பலர். விமானமோ மறுபடி பறக்கும் நிலையில் இராது.

மும்பை மின்ரயில் முற்றிலும் நிற்குமுன் நடைமேடையில் குதிப்பவர்களைத் தினமும் காணும் நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதன்முறை தனியே பறக்கும் நாளில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. பயிற்சியாளர் இறங்கிவிட்டதால் விமானம் இலகுவாகிறது. பழகிய கை பழகிய அளவுக்கே இழுக்கிறது. விமானமோ எதிர்பாராமல் எழும்பி மிதக்கிறது. மிகுந்த உயரத்தில் வேகம் தீர்ந்துபோனால், தொப்பென்று விழுவதே மிச்சம்.

தேர்ந்தவர்களையும் இது விடவில்லை. அமேலியா ஏர்ஹார்ட் அம்மையார் 1931 ஏப்ரலில் இவ்வகை விமானத்தில் 18,415 அடி உயரம் பறந்து சாதனை படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டெட்ராய்ட் நகரில் இறங்குகையில் விமானம் உடைந்தது. அவருக்குக் காயமில்லை. அவரை நோக்கி ஓடிவந்த கணவரோ ஒரு கம்பியில் இடறி விழுந்து, விலாவில் அடிபட்டார்!

அமெரிக்காவில் தனியார் ஜைரோபிளேன் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் தனியே. என்றாலும் நல்ல பயிற்சியாளர்கள் மாணவரை முதலில் பறக்கவிடுவதில்லை. முன்சக்கரத்தை மட்டும் சற்றே உயர்த்தி, பின்சக்கரங்கள் இரண்டின்மேல், ஓடுபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையிலேயே ஓட்டச்செய்கிறார்கள். கோடியை அடைந்ததும் திருப்பி, மறுபடியும் ஓட்டச்செய்கிறார்கள்.