யாளி என்ன சாப்பிடும்?

லாச்சப்பல் ரூ காயில மரக்கறி வாங்கப் போனா, முருங்கைக்காய் நாலு, கத்தரிக்காய் அரைக்கிலோ, கறிவேப்பிலை ஒரு கட்டு எண்டு கையில இருக்கிற யூரோவுக்கு ஏத்தமாதிரிக் கூடையில போட்டுக்கொண்டு வருவம். கூர்ப்பை (தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு: பரிணாமம்) வைச்சு வந்த கணினி விளையாட்டுகள் கனக்க இந்தக் கடை முறையிலதான் ஓடுது. புள்ளி சேர், இறக்கை வாங்கு, நச்சுப்பல்லு வாங்கு, இன்னும் ரெண்டு காலைப் பூட்டு. அடுத்த தலைமுறை ரெடி! :-)

இந்த வகையில பேர்போனது 2008 செப்டெம்பரில வந்த 'ஸ்போர்'. சிம்சிற்றி செய்த வில் ரைட்டின்ர விளையாட்டு. களிமண் பிசையிற மாதிரி ஒரு மிருகத்தைப் பிசைஞ்சு எடுக்கலாம். எத்தினை காலை எங்க ஒட்டினாலும் அது எப்பிடியோ நடக்கும். நிரல் எழுதுறவைக்குத் தெரியும், அது லேசுப்பட்ட வேலையில்லை. ஆனா அந்தக் காலை எங்க ஒட்டினம் எண்டதால வேகம் கூடுறதுமில்லை, குறையிறதுமில்லை. வேகம் அந்த உறுப்போட வாற இலக்கம், அவ்வளவுதான். அதே வருசம் ஒக்ரோபரில 'சயன்ஸ்' சஞ்சிகையில ஜோன் பொஹானன் இந்த விளையாட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுற மாதிரி மாக்ஸ் போட்டார். கூர்ப்புப் பாடத்தில பெயில்!

அப்ப ஒரு மிருகத்தை உண்மை மாதிரி வடிவமைக்கிறது எப்பிடி? பரிசில இருக்கிறவைக்கு விடை கிட்டத்தான். கார் து நோர் வரைக்கும் நடந்து, 5ஆம் இலக்க மெற்றோ எடுத்தா கார் தொஸ்தர்லிட்ஸ். இறங்கினா முன்னுக்கு ஜார்தன் தெ பிளான்ற். அங்க 1898இல திறந்த எலும்புக்கூட்டுக் காட்சியகம் ஒண்டு இருக்கு. யானை, காண்டாமிருகம், மான், சிங்கம் எல்லாம் ஒரே பக்கம் பாத்து ஊர்வலம் போற மாதிரி நிக்கும். இந்தச் சேகரிப்புக்கு அடித்தளம் போட்ட ஆக்களில முக்கியமானவர் கூவியே (1769–1832). ஒரு உடம்பில ஒவ்வொரு உறுப்பும் மற்றதோட பொருந்தியிருக்கவேணும், பல்லைப் பாத்தா குடலைச் சொல்லலாம் எண்டவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவினம். மாணவன் ஒருத்தன் இராத்திரியில சாத்தான் வேசம் போட்டுக்கொண்டு வந்து "உன்னைத் தின்னப்போறன்" எண்டானாம். கூவியே ஒருக்கா மேல கீழ பாத்திட்டு, "கொம்பு இருக்கு, குளம்பு இருக்கு. நீ புல்லுத்தான் தின்னுவாய்" எண்டிட்டுத் திரும்பிப் படுத்திட்டாராம்.

இந்தச் சோதினையை எங்கட யாளிக்கு வைச்சுப் பாருங்கோ. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, தந்தம். தும்பிக்கையால இலை பறிச்சா, சிங்கத்தின்ர பல்லு அதை அரைக்காது. இறைச்சி எண்டா, பாய்ஞ்சு கடிக்கிற வாய்க்கு முன்னால தும்பிக்கை தொங்கிக்கொண்டு நிக்கும். கோயில் தூணில நிக்கிறதுக்கு இதை விட வடிவான மிருகம் இல்லை. காட்டில விட்டா ஒரு கிழமை தாங்காது.

இதில இருந்து முதல் விதி வருது. உறுப்புக்கு விலை வாங்கேக்கை மட்டும் இல்லை, ஒவ்வொரு நாளும் இருக்கு. எங்கட மூளை உடம்பு நிறையில 2 வீதம்தான், ஆனா செலவழியிற சக்தியில 20 வீதத்தைக் கிட்டத்தட்ட அது எடுக்குது. உடம்பு பெருக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. 1932இல கிளைபர் சொன்னபடி பாத்தா, 16 மடங்கு நிறையான மிருகத்துக்கு ஏறத்தாழ 8 மடங்கு சாப்பாடு போதும். ஆனா நீளம், அகலம், உயரம் மூண்டும் ரெண்டு மடங்கானா நிறை 8 மடங்கு, எலும்பின்ர குறுக்குவெட்டு 4 மடங்குதான். அதாலதான் யானைக்குத் தூண் மாதிரிக் கால். எலியை அப்பிடியே பெருப்பிச்சு யானையாக்க ஏலாது.

ரெண்டாவது விதி, நல்ல குணம் எண்டு தனியா ஒண்டும் இல்லை. மொசாம்பிக்கின்ர கொரொங்கோசாவைப் பாருங்கோ. அங்க 1977 தொடக்கம் 1992 வரை உள்நாட்டுப் போர். ஆயுதத்துக்குக் காசு வேணும், காசுக்குத் தந்தம் வேணும். பத்தில ஒன்பது யானை போச்சுது. எங்கட யானையள் மாதிரி இல்லாமல், ஆபிரிக்காவில பெண் யானைக்கும் பெரிய தந்தம் உண்டு. போருக்கு முதல் பெண் யானையளில 18.5 வீதத்துக்குத்தான் தந்தம் இல்லை. போருக்குப் பிறகு அது 51 வீதமளவில. வேர் தோண்டவும் பட்டை உரிக்கவும் உதவின தந்தமே யமனாப் போச்சுது.

இன்னும் இருக்கு. 2021இல வந்த ஆய்வின்படி, தந்தமில்லாமல் செய்யிற மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில இருக்கு. தாயைக் காப்பாத்துற அதே மரபணு, அது கிடைச்ச ஆண் கருவைக் கொண்டுபோடுது எண்டு தெரியுது. தந்தமில்லாத் தாய்களுக்குப் பிறந்து தப்பினதுகளில மூண்டில ரெண்டு பங்கு பெண். போர் முடிஞ்சு எத்தினையோ வருசத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு பிள்ளையளில ஓடுது. எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கவனியுங்கோ, ஒரு யானையும் தன்ர தந்தத்தை உதிர்க்கேல்லை. தந்தம் உள்ளதுகள் செத்துது, இல்லாததுகள் குட்டி போட்டுது. ஜார்தன் தெ பிளான்ற் வாசலில சிலையா இருக்கிற லமார்க் 1809இல எழுதினது வேற மாதிரி: மிருகம் பாவிக்கப் பாவிக்க உறுப்பு வளரும், அது பிள்ளைக்கும் போகும். கடை முறை விளையாட்டு அதையும் தாண்டி, ஆசைப்பட்டாலே காணும் எண்டு பழக்குது. விளையாட்டுத்தானே எண்டு விடேலாது. "உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு" எண்டு வீட்டில சொல்லுவினம் எல்லோ? பழகினது உடம்பு இல்லை. அன்ரிபயோற்றிக்குக்குத் தப்பின கிருமி பெருகியிருக்கு. அது விளங்காட்டி, தடிமனுக்கும் அதையே கேட்டு வாங்கி விழுங்குவம்.

சரியாச் செய்ய முயற்சிச்சவையும் இருக்கினம். சூரிச்சில இருந்து 2017இல வந்த 'நிஷ்' விளையாட்டில உறுப்பு வாங்கேலாது. எது எதோட சேரவேணும் எண்டு மட்டும் தீர்மானிக்கலாம், பிள்ளைக்கு எது போகும் எண்டது சீட்டுக் குலுக்கல் மாதிரி. அதுக்கும் முதல், 1994இல கார்ல் சிம்ஸ் கணினிக்குள்ள பெட்டிப் பெட்டியான உயிர்களைக் கூர்ப்படைய விட்டார். நீந்தினதும் இருக்கு, துள்ளினதும் இருக்கு. வேகமாப் போறதுக்குத்தான் புள்ளி எண்டவுடன, சிலது நெட்டையா வளந்து தொப்பெண்டு விழுந்து புள்ளி எடுத்துதுகள்! எதை அளக்கிறமோ அதுதான் வளரும்.

விளையாட்டு எழுதுற எண்ணம் உள்ள பதிவர்மாருக்குச் சொல்லுறது இவ்வளவுதான். உறுப்புக்கு நாள் வாடகை போடுங்கோ. ஒரு குணத்தோட இன்னொரு இழப்பைக் கட்டிவிடுங்கோ. தனி மிருகத்தை விட்டிட்டுக் கூட்டத்தைப் பாருங்கோ.

பி.கு: யாளி பிழைக்கவேணும் எண்டா நீங்கள் எதை வெட்டுவியள், தும்பிக்கையையா நகத்தையா? சொல்லிட்டுப் போங்கோ. ரெண்டும் வேணும் எண்டு அடம்பிடிக்கிறவை, அதுக்குச் சாப்பாடு என்ன எண்டும் சொல்லவேணும் :-)