லினக்ஸ் இயங்குதளத்தில் பயனர் எண் வரம்பும் இணக்க அடுக்கும்

முன்னுரை
லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்பின் உரிமையாளர் பெயரால் அன்றி எண்ணால் குறிக்கப்பெறுகிறார். இன்டெல் 32 பிட் கணினிகளில் இவ்வெண் தொடக்கத்தில் 16 பிட் அளவினதாக இருந்தது. 0 முதல் 65535 வரையிலான எண்களே அதில் அடங்கும். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4ஆம் கெர்னல் பதிப்பு இதனை 32 பிட்டாக உயர்த்தியது. எனினும், முன்னரே தொகுக்கப்பெற்ற நிரல்கள் பழைய 16 பிட் அழைப்புகளையே அறியும். அவற்றின்பொருட்டுக் கெர்னலில் அமைந்த இணக்க அடுக்கு பெரிய எண்களைக் கையாளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வெட்டுதலின் இடர்
பெரிய எண்ணின் மேல் 16 பிட்டுகளை வெட்டிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆயின், 65536 என்னும் எண்ணை அவ்வாறு வெட்டினால் எஞ்சுவது 0. அதுவோ முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனரின் எண். சாதாரணப் பயனரின் கோப்பை ரூட்டுக்கு உரியதென நிரல் நம்பிவிடும். அவ்வாறே 66536 என்பது 1000 ஆகி, ஒருவரின் கோப்பு மற்றொருவருடையதாகத் தோன்றும்.

பதிலி எண்
இதனைத் தவிர்க்க, 65535ஐ விஞ்சும் எண்ணுக்கு ஈடாக இணக்க அடுக்கு 65534 என்னும் பதிலி எண்ணைத் தருகிறது. இம்மதிப்பைக் கணினி நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். எதிர்த்திசையிலும் ஒரு நுட்பம் உண்டு. உரிமையாளரை மாற்றும் அழைப்பில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக அமைந்த எண், ‘மாற்ற வேண்டா’ எனப் பொருள்படும். 16 பிட்டில் அது 65535. 32 பிட்டில் 4294967295. ஆகவே, பழைய நிரல் 65535ஐ அனுப்பினால், அடுக்கு அதனை 4294967295 ஆக விரிக்கிறது. அவ்வாறு விரிக்காவிடில், கோப்பு 65535ஆம் பயனருக்கு உரியதாகிவிடும்.

எஞ்சும் குறை
70000, 80000 ஆகிய இரு பயனர்களும் பழைய நிரலுக்கு 65534 ஆகவே தெரிவர். அந்நிரல் காப்புநகல் எடுப்பதாயின், 65534 என்றே பதிவு செய்யும். கோப்பை மீட்கும்போதும் அவ்வெண்ணையே உரிமையாளராக்கும். உண்மை உரிமையாளர் யார் என்பது அதில் இழக்கப்படுகிறது.

முடிவுரை
பதிலி எண் தவறான அதிகாரத்தைத் தடுக்கிறது; அடையாளத்தைக் காப்பதில்லை. எனவே, உரிமையைப் படித்துத் திரும்ப எழுதும் நிரல்களை 32 பிட் அழைப்புகளுக்கு மாற்றுவதே முழுத் தீர்வாகும்.