உயர வழுவும் சொல் வழுவும்

வானத்திலும் சாலைகள் உண்டு. அவை மாடிகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஒரே வழியில் எதிரும் புதிருமாகச் செல்லும் பயணிகள் விமானங்களுக்கிடையே குறைந்தது 1,000 அடி உயர வேறுபாடு இருத்தல் வேண்டும். எந்த விமானம் எவ்வுயரத்தில் செல்வது என்பதைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் வானொலி வழியே ஆணையிடுவர். அவ்வுயரத்தினின்றும் 300 அடியோ அதற்கு மேலோ விலகுவதைப் பொதுவாகக் குற்றமாகக் கொள்வர். அதனை நாம் 'உயர வழு' எனலாம்.

இவ்வழு எவ்வாறு நேர்கிறது? உயரமானி காற்றின் அழுத்தத்தை அளந்தே உயரத்தைக் காட்டுகிறது. அழுத்த அளவைக் கருவியில் பிழையாகப் பதித்தால், அது காட்டும் உயரமும் பிழைபடும். கருவி செம்மையாக இருந்தாலும், பதிக்க வேண்டிய எண்ணை மாற்றிப் பதித்துவிடுதல் உண்டு. பதினாயிரமும் பதினோராயிரமும் இவ்வாறு அடிக்கடி மயங்குவன. இவை அனைத்தினும் நுட்பமானது செவியில் பிறக்கும் வழு. அதற்கு மலேசிய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு.

1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் காலை, பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்தது. அந்நாளில் கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டு நிலையம் ஆணையிட்டது. ஆயின் அவ்வெண் 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று தனித்தனி இலக்கங்களாகவே சொல்லப்பட்டது.

ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணுப் பெயரும், நம் நான்காம் வேற்றுமையின் 'கு' உருபுக்கு நிகரான சொல்லும் செவிக்கு ஒன்றே. எழுத்தில் வேறுபடும், ஒலியில் வேறுபடா. 'இரண்டு நான்கு சுழி சுழி' என்று சொல்லப்பட்டதை விமானியர் '400க்கு இறங்குக' என்று கொண்டனர். 'ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றே விமானி திருப்பிச் சொன்னார். அது திருத்தப்படவில்லை. விமானம் கீழே இறங்கிக்கொண்டே வந்து, பூச்சோங்குக்கு அருகில், கடல் மட்டத்திற்கு மேல் 437 அடி உயரத்தில் மலைச்சரிவில் மோதிற்று. விமானத்திலிருந்த நால்வரும் மாண்டனர்.

இதனை விமானியின் பிழை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? விமானியர்மீது குற்றம் இல்லாமல் இல்லை. அவ்விடத்தில் 2,400 அடிக்குக் கீழே இறங்கலாகாது என்பதை இறங்குவழிப் படம் காட்டும். அதனை அவர்கள் முறையாக ஆராயவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தபோதும் விமானத்தை மேலே எழுப்பவில்லை. ஆயினும் வழு அவர்களிடமே தோன்றியதன்று.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம். அக்கண்கொண்டு நோக்கினால் இங்கு இரண்டு வழுக்கள் புலப்படும். 'இரண்டாயிரத்து நானூறு அடி' என்று ஆயிரமும் நூறும் விளங்கச் சொல்வதே வானொலி மரபு. அதனைக் கைவிட்டது மரபு வழு. ஆணைக்குப் பொருந்தாத மறுமொழியைத் தந்ததும், அதனைச் செவிமடுத்துத் திருத்தாமல் விட்டதும் விடை வழு. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்நால்வரும் பிழைத்திருக்கக் கூடும்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேல் நேர்ந்ததோ இதனினும் கொடிது. 15,000 அடிவரை மட்டுமே இறங்க ஆணை பெற்ற கசக்ஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிற்று. 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தோடு மோதிற்று. 349 பேர் உயிரிழந்தனர். வானொலி ஆங்கிலத்தில் அவ்விமானியர்க்குப் போதிய பயிற்சி இன்மையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. இத்தகைய விபத்துகளின் பின்னரே, பன்னாட்டு வானில் பறக்கும் விமானியர்க்கும் கட்டுப்பாட்டாளர்க்கும் மொழித் தேர்ச்சி வேண்டும் என்னும் விதி வகுக்கப்பெற்று, 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

இன்று விமானி ஆணையைத் திருப்பிச் சொல்கிறார். கட்டுப்பாட்டாளர் அதனைக் கேட்டு ஒப்புநோக்குகிறார். ஒரு விமானி உயரத்தைப் பதிக்க, மற்றவர் அதனைப் பார்த்து உறுதி செய்கிறார். ஐயம் எழுந்தால் மீண்டும் கேட்பதே கடமை. மயங்கொலிச் சொற்களை நாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். மாணவன் திருப்பிச் சொல்வதை ஆசிரியர் இறுதி எழுத்துவரை கேட்பது ஏன் வேண்டும் என்பதற்குப் பூச்சோங் மலைச்சரிவே போதிய விடை.