குதிரை வண்டியில் பிறந்த பாடல்கள்

1968ஆம் ஆண்டு லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கி ஒரு குதிரை வண்டி கிளம்பியது. வண்டியில் இருந்தவர்கள் வாஷ்டி பன்யன் என்ற இளம் பாடகியும் அவருடைய காதலரும். கலைஞர்கள் கூடி வாழும் குடியிருப்பு ஒன்றை அங்கே அமைக்கத் திட்டமிட்டிருந்த பாடகர் டோனவன்தான் குதிரையும் வண்டியும் வாங்கப் பணம் கொடுத்து உதவினார்.

பன்யன் பாப் உலகைப் பார்த்து மனம் சலித்தவர். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர், மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாடலை அவரைப் பாடவைத்து வெளியிட்டார். அது எடுபடவில்லை.

ஸ்கை நோக்கிய பயணத்தில் வழிநெடுகப் பாடல்கள் பிறந்தன. வண்டியை இழுத்த பெஸ் என்ற குதிரைக்கே ஒரு பாட்டு உண்டு. ஸ்கை போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. ஆனால் கையில் ஓர் ஆல்பத்துக்கான பாடல்கள் இருந்தன.

1969 இறுதியில் தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அவற்றை லண்டனில் பதிவுசெய்தார். 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற அந்த ஆல்பத்தில் 14 பாடல்கள். மொத்தமே அரை மணி நேரம்தான். காதருகே பேசுவதுபோல் மெல்லிய குரல். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்பிரிக் ஃபிடிலும் மாண்டலினும் வாசிக்க, சில பாடல்களுக்குப் பாடகர் நிக் டிரேக்குடன் பணியாற்றிய ராபர்ட் கர்பி இசைக்கோப்பு செய்தார். 'லில்லி பாண்ட்' பாடலின் மெட்டு, 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான்! மேலோட்டமாகக் கேட்டால் குழந்தைப் பாட்டு என்று தோன்றும். ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் ஏக்கம் அதற்குள் ஓடுகிறது. இந்த ஆல்பத்தின் அழகே அதுதான்.

1970 டிசம்பரில் வெளியான ஆல்பம் சில நூறு பிரதிகளே விற்றது. மனமொடிந்த பன்யன் இசையைவிட்டே விலகி, குழந்தைகளை வளர்ப்பதில் முப்பது ஆண்டுகளைக் கழித்தார்.

அந்தச் சில நூறு பிரதிகள் வீண்போகவில்லை. இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அவற்றைப் பொக்கிஷமாகப் போற்றினார்கள். 1997இல் இணையத்தில் தன் பெயரைத் தேடிய பன்யன், தன் ஆல்பத்தைப் பலர் தேடி அலைவதை அறிந்தார். 2000இல் அது சிடியாக மறுபடி வந்தது. தேவேந்திர பன்ஹார்ட் போன்ற இளம் அமெரிக்கப் பாடகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2005இல், 35 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, இரண்டாம் ஆல்பம் 'லுக்காஃப்டரிங்' வந்தது.

தன்னை 'ஃபோக்' (நாட்டுப்புற இசை) பாடகி என்று அழைப்பதை பன்யன் ஏற்பதில்லை; முதல் ஆல்பத்துக்கு அந்த நிறம் உடன் வாசித்தவர்களால் வந்தது என்பார். நியாயமான பேச்சுதான். மாறாக, 2014இல் வந்த 'ஹார்ட்லீப்' ஆல்பத்துக்கு அவரே தயாரிப்பாளர். பெரும்பகுதியை வீட்டிலேயே பதிவுசெய்தார்.