குடியா, சாதியா: வாசலில் நிறுத்துவது எது?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கூட்டம் பெருகினால் கோட்டை, தியேட்டர், மண்டபம் என எல்லா வாசலிலும் காவலாளிகள் பெருகுவார்கள். வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வரும் சேரி இளைஞரை, "குடிச்சிருக்கியா? ஓரமா நில்லு" என்று நிறுத்துவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. சாதியைக் கேட்டால் வழக்கு வரும், குடியைக் கேட்டால் வராது என்ற கணக்கு அது.

2023 மார்ச் 30 அன்று சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில், டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. பிள்ளைகளின் வயதைக் காரணம் காட்டியது நிர்வாகம். வீடியோ பரவிய பிறகு ஊழியர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. காரணம் வயதோ குடியோ, அதே விதி எல்லோருக்கும் உண்டா என்பதுதான் கேள்வி.

காவலாளியின் அதிகாரம்

போதையில் ரகளை செய்பவர் எந்தச் சாதியானாலும் உள்ளே விட மறுக்கலாம். அடிக்க, பிடித்துத் தள்ள, அறையில் பூட்டிவைக்க அதிகாரம் இல்லை. போதையில் பொது இடத்தில் தொல்லை தந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 355-வது பிரிவில் 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை உண்டு. அதை விதிப்பது நீதிமன்றம். காவலாளியின் வேலை, தள்ளி நின்று நிதானமாகப் பேசுவது, உடன் வந்தவரை அழைப்பது, மீறினால் போலீசுக்குச் சொல்வது. தனியார் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் தரவேண்டும் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். சீருடையில் நிற்பவரும் பல நேரம் நம் தெருக்காரரே. பயிற்சி தராத முதலாளியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தள்ளாடுவது எல்லாம் போதையல்ல

சர்க்கரை குறைந்தாலும் தள்ளாடும், பேச்சு குளறும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கண் மங்குது, வயிறு வலிக்குது என்று ஒருவர் சொன்னால் விரட்டக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி காரணமாகப் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.ஏ) பிரிவின்படி குற்றம். டிக்கெட், நேரம், சாட்சி, வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். புகாருக்கு முன் விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. தேசிய உதவி எண் 14566.

கோட்டையைச் சேர்ந்த சிறு குன்று ஒன்றுக்கு சக்கிலிதுர்க்கம் என்று பெயர். மலை சுமக்கும் அந்தப் பெயருக்குரிய மக்கள், அடிவாரத்து வாசலில் வாயை ஊதிக் காட்டிவிட்டு நுழைய வேண்டியதில்லை.