அருகருகே நிற்கும் சொற்கள் – 14: க்ரவுடா, மாபா?

தமிழில் ‘கூட்டம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெகுதூரம் போய்விடலாம். பேருந்து நிலையத்தில் முண்டியடிப்பது கூட்டம், கட்சிக்காரர்கள் மேடை போட்டுப் பேசுவது கூட்டம், அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டு உட்காரவைப்பதும் கூட்டம். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் எதைப் போடுவது என்று பேனா நிற்கிறது.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடுவோம். கச்சேரிக்கும் நாடகத்துக்கும் வந்தவர்கள் ஆடியன்ஸ். மைதானத்தில் ஆட்டம் பார்ப்பவர்கள் ஸ்பெக்டேட்டர்ஸ். சர்ச்சில் வழிபாட்டுக்குக் கூடியவர்கள் காங்கிரிகேஷன். கப்பலிலும் விமானத்திலும் வேலை செய்பவர்கள் க்ரூ, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஸ்டாஃப். ‘ஒரு ஸ்டாஃப் வந்தார்’ என்பது நம் ஊர்ப் பேச்சு; ஆங்கிலத்தில் அந்த ஒருவர் ஸ்டாஃப் மெம்பர். இடம் தெரிந்தால் இவற்றில் தவறு வராது.

க்ரவுட், மாப் விஷயம் அப்படியல்ல. ஒரே தெரு, ஒரே நூறு பேர். ஒரு நிருபர் க்ரவுட் என்பார், இன்னொருவர் மாப் என்பார். ‘நிலையில்லாத பாமரர்’ என்ற பொருளில் வழங்கிய ‘மோபிலே வுல்கஸ்’ என்ற லத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன்வாசிகள் வெட்டிச் சுருக்கியதில் பிறந்தது மாப். ஜோனதன் ஸ்விஃப்டுக்கு இந்த வெட்டுச் சொற்களைக் கண்டாலே ஆகாது. 1710இல் ‘டாட்லர்’ பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதியவர், தடுத்துப் பார்த்தும் முடியவில்லை என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். அவர் கவலை சொல்லின் வடிவத்தைப் பற்றியது. அதற்குள் இருந்த இளக்காரம் அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

தொந்தரவுபட்டவர்கள் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள். பாரிஸில் 1789 ஜூலை 14 அன்று பாஸ்டீல் கோட்டையைப் பிடித்தவர்களை ரவுடிகள், நாடோடிகள் என்று எழுதிவந்தார்கள். ஜார்ஜ் ரூடே காவல்துறை ஆவணங்களையும், கோட்டையைப் பிடித்தவர்கள் என்று அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் புரட்டினார். அதில் இருந்தவர்கள் தச்சர்கள், பூட்டுத் தொழிலாளர்கள், செருப்புத் தைப்பவர்கள், சிறு கடைக்காரர்கள். 1959இல் வெளியான தன் புத்தகத்தின் தலைப்பில் அவர் போட்ட சொல் க்ரவுட். 1971இல் ஈ.பி. தாம்ப்ஸன் தன் புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் அதையே எடுத்துக்கொண்டார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தானிய விலை ஏறியபோது திரண்டவர்கள், மூட்டைகளைப் பறித்து நியாயம் என்று தங்களுக்குப் பட்ட விலைக்கு விற்று, பணத்தை உரியவரிடமே கொடுத்த சம்பவங்கள் அதில் உண்டு. இவர்களை மாப் என்று எழுதினால் அந்தக் கணக்கு வழக்கு அத்தனையும் காணாமல் போய்விடும்.

சட்டம் எழுதுபவர்கள் இந்த வம்புக்கே போவதில்லை, தலையை எண்ணுகிறார்கள். பிரிட்டனின் பழைய கலகச் சட்டத்தில் 12 பேர், அங்கேயே 1986இல் வந்த பொது ஒழுங்குச் சட்டத்திலும் கலகத்துக்கு 12 பேர். நம் நாட்டில் சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஐந்து பேர் போதும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். சாதி, இனம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்யும் கொலைக்கு 103ஆம் பிரிவில் தனி விதி இருக்கிறது. நாமும் செய்தித்தாள்களும் ‘மாப் லிஞ்சிங்’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் அந்த விதியின் ஆங்கில வாசகத்தில் மாப் இல்லை, இருப்பது குரூப். சட்டத்துக்கு அதுதான் சரி என்பேன். குற்றத்தைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். பெயர்ச்சொல்லே முந்திக்கொள்ளக் கூடாது.

கேங் இன்னொரு ரகம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘நடை, பயணம்’ என்று பொருள். பிறகு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஆகிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிக்குக் கீழே இருந்த தொழிலாளர் குழு கேங். ரயில்வேயில் தண்டவாளம் பராமரித்தவர் கேங்மேன். இப்போது அந்தப் பதவிக்கு டிராக் மெயின்டெய்னர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். போலீஸ் செய்தியில் வரும்போதோ அதே சொல் நம் ‘கும்பல்’ ஆகிவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் ‘எங்க கேங்’ என்று கொஞ்சுவதில் குற்றமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றே போட்டுவிடுங்கள்.