சேறு சொல்லும் சாட்சியம்

தென்துருவத்தைச் சூழ்ந்த அண்டார்டிகா கண்டத்தில் நூற்றில் ஒரு பங்கு நிலங்கூட மனிதர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எஞ்சியதெல்லாம் பனிப்பாளத்தின் அடியில் மறைந்து கிடக்கிறது. சில இடங்களில் அப்பாளத்தின் கனம் 4 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. இதன் கீழே இன்ன பாறை இருக்கிறது, முற்காலத்தில் பனி இன்ன இடம்வரை நின்றது என்று ஒருவர் உறுதி கூற முன்வந்தால், சட்டம் பயின்ற நம்போன்றோர் முதலில் கேட்பது ஒன்றே: சாட்சி எங்கே?

சாட்சி கடலடியில் இருக்கிறது. பனிப்பாளம் அசைவற்ற பொருளன்று. தன் பாரத்தினாலேயே கடலை நோக்கி மெல்ல நகர்வது அதன் இயல்பு. நகருங்கால் அடியிலுள்ள பாறையை அரம்போல் அராவி, கல்லாகவும் மணலாகவும் மாவாகவும் ஆக்கி இழுத்துச் செல்கிறது. கரையில் உடைந்து மிதந்து போகும் பனிமலைகள் உருகும்போது அச்சுமையைக் கடலில் உதிர்க்கின்றன. மென்பொடியோ உருகுநீருடன் சென்று, கரைக்கு அப்பால் அடுக்கடுக்காய்ப் படிகிறது. ஆகவே ஓர் அடுக்கின் சேறு எந்தப் பாறையின் பொடி என்று கண்டுவிட்டால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் பனி எந்த நிலத்தை அராவிக்கொண்டிருந்தது என்பதும் வெளியாகிவிடும்.

காணும் வழிதான் வியப்புக்குரியது. ஸிர்க்கான் என்னும் சிறு மணியில் யுரேனியம் கலந்திருக்கும். அது காலக்கிரமத்தில், அளவறிந்த வேகத்தில், ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. இரண்டின் விகிதத்தையும் அளந்தால் மணி பிறந்த காலம் தெரியும். மணியெனப் பொறுக்கியெடுக்க இயலாத நுண்சேற்றிலோ நியோடிமியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகிய தனிமங்களின் ஐசோடோப் விகிதங்கள் குலக்குறிபோல் உதவுகின்றன. பழம்பாறைக்கு ஒரு விகிதம். பிற்காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாய் எழுந்து இறுகிய பாறைக்கு வேறொரு விகிதம். பாறை பொடியாகிக் கடலில் கிடந்தாலும் இந்தக் குறி அழிவதில்லை.

இவ்வழியே 2008ல், நிம்ராட் பனியாற்றின் அருகே பனி ஒதுக்கிய கற்குவியலில் கிடைத்த ஒரு கருங்கல்லின் வயது 144 கோடி வருஷம் என்று நிர்ணயிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் நெடுகக் காணப்படும் ஒருவகைக் கருங்கல்லை அது ஒத்திருந்தது. இரு கண்டங்களும் ஆதியில் அடுத்தடுத்து இருந்தன என்னும் கட்சிக்கு இது பலமான ஆதாரம். நம் தேசத்துக்கும் அங்கே உறவு உண்டு. 2012ல் தொடங்கிய நமது ‘பாரதி’ நிலையம் அமைந்துள்ள கரை, கோண்டுவானா பிளவுபடுமுன் நமது கிழக்குக் கரையோடு ஒட்டியிருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பாறைகளும் அக்கண்டத்தின் அப்பகுதிப் பாறைகளும் ஒரே குலத்தவை.

ஆயினும் நாம் இன்று எழுதப் புகுந்தது பழைய உறவைக் கொண்டாடுவதற்கன்று. கிழக்கு அண்டார்டிகாவின் பெரும் பனி அசையாதது, உலகம் சற்றுச் சூடேறினாலும் அதற்கு ஒன்றும் நேராது என்று நெடுங்காலம் பலர் கருதி வந்தனர். 2010ல் ‘ஜாய்டிஸ் ரெஸல்யூஷன்’ என்னும் கப்பல் அதன் கரைக்கு அப்பால் கடலடியைத் துளைத்து நீண்ட சேற்றுத் தண்டுகளை எடுத்துவந்தது. அவற்றை ஆராய்ந்து காரிஸ் குக் முதலியோர் 2013ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கரையோரப் பாறைகளில் ஏறக்குறைய 50 கோடி வருஷம் பழமையான கருங்கற்கள் உண்டு. உள்நாட்டில், வில்க்ஸ் பள்ளத்தில், பனியின் கீழே மறைந்திருப்பது பெரார் எனப்படும் 18 கோடி வருஷத்து எரிமலைக் குழம்புப் பாறை. 53 லட்சம் வருஷங்களுக்கும் 33 லட்சம் வருஷங்களுக்கும் இடைப்பட்ட பிளையோஸீன் காலத்தின் வெப்பப் பருவங்களில் படிந்த சேற்றிலோ, இந்த உள்நாட்டுப் பாறையின் குறி மிகுந்து காணப்பட்டது. பனியின் விளிம்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்வாங்கி அப்பள்ளத்தின்மேல் வந்து நின்று அராவியிருந்தாலன்றி அந்தப் பொடி அவ்வளவாகக் கடலுக்கு வந்திராது.

எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? தொலைதூரத்துப் பனிமலைகள் மிதந்து வந்து இச்சேற்றைக் கொட்டியிருக்கலாமே என்பார். நியாயமான ஆட்சேபந்தான். அதனாலேயே ஆராய்ச்சியாளர் பனிமலை சுமந்துவரும் பருமணலை விலக்கி நுண்சேற்றையே அளந்தனர்; நியோடிமியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகிய இரு குறிகளையும் சுற்றுப்புறப் பாறைகளின் குறிகளோடு ஒத்துப் பார்த்தனர். இரு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்தன.

அந்தப் பழங்காலத்தில் காற்றிலிருந்த கரியமிலவாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 400 பங்கு என்று மதிக்கப்படுகிறது. யந்திரத் தொழில் பெருகுமுன் 280 பங்காக இருந்த அது, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. வில்க்ஸ் பள்ளத்துப் பனி முழுதும் கடலில் கலந்தால் உலகெங்கும் கடல்மட்டம் 3 முதல் 4 மீட்டர்வரை உயரும். இது நாளையே நேராது. பல நூற்றாண்டுகள் செல்லலாம். நம் காலத்துக்குப் பிறகுதானே என்று சொல்வோர் நாகப்பட்டினத்து மீனவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இத்தகைய ஆராய்ச்சிக்குச் சேறு வேண்டும். சேற்றுக்குக் கப்பல் வேண்டும். 1981ல் டாக்டர் காஸிம் தலைமையில் நமது முதற் குழு சென்றது ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே தேசத்து வாடகைக் கப்பலில். பின்னும் பிறர் கப்பலையே நம்பியிருந்தோம். துருவக் கடலுக்கென நமக்குச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கப்பலைக் கல்கத்தாவிலேயே கட்டுவதற்கு 2025 ஜூன் மாதத்தில்தான் ஒரு நார்வே கம்பெனியுடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தாமதமானாலும் வரவேற்கிறோம். அக்கப்பல் நிலையங்களுக்கு அரிசியும் எண்ணெயும் ஏற்றிச் செல்வதோடு நின்றுவிடலாகாது. ஆழ்கடலடியிலிருந்து சேற்றுத் தண்டு எடுக்கும் சாதனங்களும், எடுத்ததைக் கெடாமல் வைக்கும் குளிரறையும், அதை நம் தேசத்திலேயே சோதிக்கும் ஆட்களும் உடன் வேண்டும். கப்பலின் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே சர்க்கார் இவற்றைச் சேர்த்துவிட வேண்டுமென்று கோருகிறோம்.